சிவப்புக் கொடியிலிருந்து பச்சைக் கோட்டுக்கு

அரியலூர் பக்கம் அதற்குச் சேப்டி கோட்டு என்று பெயர். வெள்ளிப் பட்டை வைத்த, கண்ணைப் பறிக்கும் பச்சை அல்லது ஆரஞ்சு நிறக் கையில்லாச் சட்டை. சிமெண்ட் ஆலை வாசலில் ஷிப்ட் மாறும்போது பார்த்தால் சாலையே பச்சையாக இருக்கும். அது நியாயம். ஆனால் இப்போது பெட்ரோல் பங்க் பையன் போட்டிருக்கிறான். ஜவுளிக்கடை வாசலில் வண்டி நிறுத்த இடம் காட்டுபவர், கல்யாண மண்டபத்துக் காவலாளி, பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் அம்மா, கட்சி மாநாட்டுத் தொண்டர், தேர்த் திருவிழாவில் கயிறு பிடிக்கும் இளைஞர் என்று எல்லோரும் போட்டிருக்கிறார்கள். எடைமேடை அறைக்குள் உட்கார்ந்து லாரிக்குச் சீட்டு எழுதுகிற கணக்கரும், பக்கத்தில் ஒரு மிதிவண்டிகூட வராத இடத்தில், நாள் முழுக்க அதைப் போட்டுக்கொண்டு வேர்க்கிறார்.

நான் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் ‘மேட்’ என்ற கீழ்நிலை மேற்பார்வையாளராகச் சேர்ந்து போர்மேனாக ஓய்வுபெற்றவன். இந்தச் சட்டை ஓர் உயிரைக் காப்பாற்றியதை நேரில் பார்த்திருக்கிறேன். அதனால்தான் அது போகிற போக்கைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. போட வேண்டாத இடத்திலெல்லாம் போட்டு, போட வேண்டிய இடத்தில் அதன் வலுவைக் குறைத்துவிட்டோம். இது எப்படி நடந்தது என்பதை அரியலூர், பெரம்பலூர் என்ற எங்கள் இரண்டு மாவட்டங்களின் கதையாகவே சொல்லிப் பார்க்கிறேன்.

கோட்டுக்கு முன்னால் கொடிதான் இருந்தது. விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர், லால்குடி வழியாகத் திருச்சிக்குப் போகும் ‘கார்டு லைன்’ என்ற குறுக்குவழி ரயில் பாதை 1929-இல் திறக்கப்பட்டது. என் அப்பா அந்தப் பாதையைப் பராமரிக்கும் கேங்மேனாக இருந்து பிறகு கீமேன் ஆனவர். கீமேன் என்றால் தனக்கு ஒதுக்கிய தூரத்தைத் தினமும் நடந்தே பார்த்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் சாவிகளில் தளர்ந்தவற்றைச் சுத்தியலால் அடித்து இறுக்குகிறவர். அவர் காக்கிச் சட்டைதான் போட்டிருந்தார். வெயிலில் வெளுத்து மண் நிறத்துக்கு வந்துவிட்ட காக்கி. பத்தடி தள்ளி நின்றால் ஜல்லிக்கும் அவருக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் தோள்பையில் சிவப்புக் கொடியும் பச்சைக் கொடியும் சுருட்டி வைத்திருப்பார். இரவு ரோந்து என்றால் மூன்று நிறம் காட்டும் கைவிளக்கு. கூடவே ஒரு தகர டப்பாவில் பட்டாசு. தண்டவாளத்தின் மேல் கட்டி வைத்தால் எஞ்சின் சக்கரம் ஏறியதும் வெடிக்கும் அந்தச் சாதனத்துக்கு ரயில்வேக்காரர்கள் வைத்த பெயர் பட்டாசுதான்.

பாதையில் ஆபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்பது எழுதி வைத்த விதி. அகலப் பாதையில் இன்றைக்கு அது இப்படி: ஆபத்தான இடத்திலிருந்து 600 மீட்டரில் ஒரு பட்டாசு, 1200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று பட்டாசு. அதுவரை கையில் சிவப்பைக் காட்டிக்கொண்டே ஓட வேண்டும். அப்பா தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தன் காலத்து விதியை ஒப்பிப்பார். “ரயிலு நின்னே ஆவணும்டா தம்பி. என்னையப் பாக்கணும்னு இல்ல, சிவப்பப் பாக்கணும்” என்பார்.

அரியலூர் பெயர் நாடு முழுக்கத் தெரிய வந்ததே ஒரு ரயில் விபத்தால்தான். 1956 நவம்பர் 23 அதிகாலை, சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குப் போன விரைவு ரயில் அரியலூரைத் தாண்டிக் கல்லகம் போகிற வழியில் மருதையாற்றுப் பாலத்தில் கவிழ்ந்தது. கனமழையில் வெள்ளம் பாலத்தின் கரைப்பகுதியை அரித்துப் போயிருந்தது. நூற்றுக்கும் மேலானவர்கள் இறந்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி விலகினார். விபத்து நடந்தது எங்கள் அப்பாவின் இளமைக்காலம். அதற்குப் பிறகு மழைக்காலம் வந்தாலே கேங்மேன் குடியிருப்புகளில் ஒரு கலக்கம் இருக்கும். அந்த இருட்டில் பாலத்துக்கு முன்னால் ஒரே ஒரு சிவப்பு விளக்கு தெரிந்திருந்தால் போதுமே என்பதைப் பெரியவர்கள் பல வருடம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சிவப்புக்கு ஒரே ஒரு பொருள்தான், நில். அது எங்கும் தொங்காது. தேவையில்லாமல் சிவப்புக் கொடியை விரிக்கவே கூடாது. பையிலிருந்து வெளியே எடுத்தாலே ஏதோ நடந்துவிட்டது என்று அர்த்தம். அதனால்தான் அறுபது கிலோமீட்டர் வேகத்தில் வரும் ஓட்டுநரும் அந்த ஒரு முழத் துணிக்குக் கட்டுப்பட்டார்.

சுரங்கத்திலும் இதே ஒழுங்குதான். எங்கள் மண்ணுக்கடியில் இருப்பது கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முந்திய கடல். 1840-களிலேயே ஆங்கிலேய அதிகாரிகள் இங்கே சங்கும் கிளிஞ்சலுமாகக் கல்லாய்ப் போனவற்றைப் பொறுக்கி லண்டனுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்புக்கல்தான் எங்கள் பிழைப்பு. கல்லக்குடியில் 1939-இல் சிமெண்ட் ஆலை வந்தது. ஊர்ப் பெயரை டால்மியாபுரம் என்று மாற்றியதற்காக 1953-இல் கருணாநிதி தண்டவாளத்தில் படுத்துப் போராடிய அதே கல்லக்குடி. அரியலூரில் 1979-இல் அரசு சிமெண்ட் ஆலை. பிறகு தளவாய், ரெட்டிப்பாளையம், ஆலத்தியூர், கோவிந்தபுரம், கீழப்பழுவூர் என்று எந்தத் திசையில் பார்த்தாலும் புகைபோக்கி.

நான் சேர்ந்த காலத்தில் வெடி வைக்கும் நேரம் மட்டும்தான் சுரங்கத்தில் நிறம் பேசும். 1961-ஆம் ஆண்டு உலோகச் சுரங்க ஒழுங்குமுறை விதிகள் வெடிக்கும் இடத்தைச் சுற்றி 300 மீட்டரை ஆபத்து மண்டலம் என்று வகுத்தன. அந்த எல்லையில் பாதைகள் வந்து சேரும் ஒவ்வொரு முனையிலும் செங்கொடியோடு ஓர் ஆளை நிறுத்துவோம். சைரன் ஊதும். மாடு மேய்க்கிற கிழவிகூட அந்தக் கொடியைப் பார்த்தால் மாட்டைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாள். மற்ற நேரத்தில் நாங்கள் எல்லோரும் சாயம் போன சட்டையும் தலையில் துண்டுமாக, சுண்ணாம்புத் தூசி படிந்து பாறையின் நிறத்திலேயே இருப்போம். அது சரியான காலம் என்று நான் சொல்லவே மாட்டேன். டம்பர் பின்னால் வரும்போது ஆளைப் பார்க்க வழியே இல்லை. ஒரு மாலை மசங்கலில், பின்னோக்கி வந்த டிப்பருக்குப் பின்னால் குனிந்து கல்லை ஒதுக்கிக்கொண்டிருந்த ஓர் ஆளை இழந்தோம். ஓட்டியவர் அதற்குப் பிறகு வண்டியைத் தொடவில்லை. அன்றைக்கு இறந்தவர் முதுகில் ஒரு ஆரஞ்சுத் துணி இருந்திருந்தால் என்று நான் நினைக்காத வருடம் இல்லை.

அந்த ஆரஞ்சுத் துணி அதற்கு வெகு காலத்துக்கு முன்பே வேறெங்கோ பிறந்துவிட்டிருந்தது. 1933-இல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் பாப் சுவிட்சர் என்ற இளைஞர் சரக்கு இறக்கும் வேலையில் கீழே விழுந்து தலையில் அடிபட்டு, பார்வை தெளியும்வரை இருட்டறையில் கிடக்க நேர்ந்தது. அவரும் தம்பி ஜோவும் அப்பாவின் மருந்துக்கடை இருட்டில் புற ஊதா விளக்கைப் பிடித்து எந்தெந்தப் பொருள் ஒளிர்கிறது என்று தேடினார்கள். அந்தத் தேடல்தான் பிறகு டேகுளோ என்ற வண்ணமாக வளர்ந்தது. இரண்டாம் உலகப் போரில் விமானத்துக்குத் தரையிலிருந்து அடையாளம் காட்டும் துணிகளுக்கு அது பயன்பட்டது. பட்டையின் கதை வேறு. கண்ணாடி மணிகளைப் பதித்து, வந்த வெளிச்சத்தை வந்த திசைக்கே திருப்பி அனுப்பும் தாளைத் த்ரீ எம் நிறுவனம் 1930-களின் கடைசியில் செய்தது.

இரண்டையும் ஒரு தொழிலாளியின் உடம்பில் முதலில் ஏற்றியவர்களில் ரயில்வேக்காரர்களும் உண்டு. பிரிட்டிஷ் ரயில்வே 1964-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில், மின்மயமான பாதையில் வேலை செய்த தன் ஆட்களுக்கு ஒளிரும் ஆரஞ்சு மேற்சட்டையைக் கொடுத்துச் சோதித்தது. நீராவி எஞ்சின் சத்தம் போட்டுக்கொண்டு வரும். மின்சார ரயில் அதிகச் சத்தமில்லாமல் விரைவாக வந்துவிடும். அந்தக் கவலையில் பிறந்த சட்டை அது. 1994-இல் ஐரோப்பா இதற்கொரு தரநிலை எழுதியது. 2013-இல் அது ஐஎஸ்ஓ 20471 என்ற உலகத் தரநிலை ஆனது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்துக்கும் ஐஎஸ் 15809 என்று ஒன்று உண்டு. பிரான்சு 2008-இல் ஒவ்வொரு வண்டியிலும் ஒரு மஞ்சள் சட்டை இருந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டது. பத்தாண்டு கழித்து 2018 நவம்பரில் எரிபொருள் வரியை எதிர்த்து மக்கள் அதே மஞ்சள் சட்டையைப் போட்டுக்கொண்டு சாலைச் சந்திப்புகளை மறித்தார்கள். ‘எங்களைப் பாருங்கள்’ என்று அரசிடம் சொல்ல, அரசு வைத்திருக்கச் சொன்ன துணியையே எடுத்துக்கொண்டார்கள். அந்தச் சேதியைப் படித்தபோது எனக்கு எங்கள் காண்ட்ராக்ட் ஆட்கள் ஞாபகம்தான் வந்தது. கோட்டு போட்டதிலிருந்து அவர்களும் எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறார்கள். அவர்கள் கூலி மட்டும் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் ஊருக்கு அந்தக் கோட்டு இரண்டு வழியில் வந்தது. ஒன்று சிமெண்ட் ஆலைகள் வழி. பாதுகாப்புத் தணிக்கை என்று வெளியிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு ஹெல்மெட், ஷூ, கோட்டு மூன்றும் வாசலிலேயே கட்டாயமாயின. இன்னொன்று சாலை வழி. தொழுதூர், பெரம்பலூர், சிறுவாச்சூர், பாடாலூர் என்று போகிற சென்னை–திருச்சி நெடுஞ்சாலை, அப்போது எண் 45, இப்போது இந்தப் பகுதியில் 38, நாற்கரச் சாலையாக அகலமானபோது தார் போட்டவர்கள் எல்லோரும் ஆரஞ்சில் இருந்தார்கள். நூறு கிலோமீட்டர் வேகத்தில் கார் போகிற இடத்தில், கூடைக்காரப் பெண்கள் சேலைக்கு மேல் அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றதைப் பார்த்து நான் மகிழ்ந்தேன். சாலை வேலை முடிந்து ஒப்பந்தக்காரர் போனார். கோட்டு போகவில்லை. சுங்கச்சாவடியில் தங்கியது, அங்கிருந்து கடைத்தெருவுக்கு வந்தது.

அதற்கப்புறம் அது அதிகாரத்தின் சீருடை ஆகிவிட்டது. கோட்டு போட்டவர் கையை நீட்டினால் வண்டி நிற்கிறது, வாசலில் கேள்வி கேட்பதில்லை. ஆலைக்குள் கோட்டு போட்டு நடந்தால் இவர் யார் என்று யாரும் பார்ப்பதில்லை. ஆலைக்காரர் ஒரு நிறம், காண்ட்ராக்ட் ஆள் ஒரு நிறம், பார்க்க வந்தவர் ஒரு நிறம் என்று பிரித்தார்கள். ஆபத்தைச் சொல்ல வந்த நிறம் ஆளின் தரத்தைச் சொல்லத் தொடங்கியது. எனக்குத் தெரிந்த ஓர் ஒப்பந்தக்காரர் கோட்டுக்கான பணத்தை முதல் மாதக் கூலியிலேயே பிடித்துக்கொண்டார். மூன்று மாதத்தில் அது கிழிந்தால் மறுபடியும் பிடிப்பார்.

கோட்டையும் ஒருமுறை கையில் எடுத்துப் பார்க்க வேண்டும். அரியலூர் கடைத்தெருவில் ஒரு தையற்கடையில் மொத்த ஆர்டர் எடுத்துத் தைக்கிறார்கள். மேசை மேல் ஐம்பது அறுபது கோட்டு அடுக்கியிருந்தது. கொசுவலை மாதிரியான துணி, நடுவில் வெள்ளியாய் மின்னும் பட்டை. முதுகு முழுக்க ஒரு கடையின் பெயர் அச்சாகியிருந்தது. நான் கைபேசி விளக்கை எரியவிட்டு நெற்றிப்பொட்டுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, கடையின் இருட்டான கோடியில் தொங்கிய கோட்டைப் பார்த்தேன். நல்ல பட்டையாக இருந்தால் அந்தப் பார்வையில் தீப்பிடித்ததுபோல் வெள்ளையாக எரியும். விளக்கைக் கைநீட்டிப் பக்கவாட்டில் பிடித்தால் அணைந்துவிடும். வெளிச்சம் போன வழியே திரும்பி வருகிறது என்பதற்கு அதுதான் சோதனை. அந்தக் கோட்டில் விளக்கை எங்கே பிடித்தாலும் ஒரே மங்கல். வெறும் பிளாஸ்டிக் ஜிகினா.

“தம்பி, இது ராத்திரியில தெரியாதே” என்றேன்.

“ஒரிஜினல் பட்டையும் இருக்குண்ணே. போட்டா ரேட்டு ரெண்டு பங்கு ஏறும். வாங்குறவங்க கலரத்தான் பாக்குறாங்க, பட்டையப் பாக்குறதில்ல” என்றார் தைப்பவர். அவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து அலமாரியிலிருந்து நல்ல பட்டை ஒரு சுருள் எடுத்துக் காட்டினார். ஈரத்துணியால் துடைத்து, விளக்கு பிடித்து, “இது சுரங்கத்துக்கு மட்டும்” என்றார்.

இதில் ஓர் அடிப்படை விஷயம் பலருக்குத் தெரிவதில்லை. பச்சையும் ஆரஞ்சும் பகலுக்கான நிறங்கள். சூரிய ஒளியில் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் புற ஊதாக் கதிரை வாங்கி, கண்ணுக்குத் தெரியும் நிறமாக மாற்றித் தருவதால்தான் அவை அப்படிக் கூசுகின்றன. மேகம் மூடிய பகலிலும் பொழுது சாயும் நேரத்திலும் மற்ற நிறங்கள் மங்கும்போது இவை எடுத்துக் காட்டுவதும் அதனால்தான். இருட்டியபிறகு அந்த வேலை நடக்காது. முகப்பு விளக்கில் புற ஊதா மிகக் குறைவு. இரவில் காப்பாற்றுவது பட்டை மட்டும்தான். ஐந்து சென்டிமீட்டர் அகலத்துக்குக் குறையக் கூடாது என்கிறது தரநிலை. மூன்றாம் வகுப்புச் சட்டை என்றால் ஒளிரும் துணி 0.80 சதுர மீட்டர், பட்டை 0.20 சதுர மீட்டர். கையோ முழுக்கால் சட்டையோ சேராமல் அந்தக் கணக்கு வராது. நம் ஊர் கையில்லாக் கோட்டில் முதுகை விளம்பரம் தின்றுவிடுகிறது, மீதி எவ்வளவு என்று யாரும் அளப்பதில்லை. துவைத்துத் துவைத்து நிறம் போகும். சுண்ணாம்புத் தூசி படிந்தால் துவைக்காமலே போகும்.

நிறத்தைத் தேர்ந்தெடுப்பதிலும் இடம் பார்க்க வேண்டும். வெயிலில் வெள்ளையாகக் கண் கூசும் சுண்ணாம்புப் பாறைக்கு முன்னால் எலுமிச்சைப் பச்சை கரைந்துவிடுகிறது, ஆரஞ்சு நிற்கிறது. பெரம்பலூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் சாலையின் இரண்டு பக்கமும் மக்காச்சோளம் ஆளுயரம் நிற்கும்போதும் அப்படித்தான். கரிசல் காடாய்க் கிடக்கும் கோடையில் எந்த நிறமும் தெரியும். மொத்தமாக ஆயிரம் வாங்குகிற அலுவலகத்தில் இதை யாரும் யோசிப்பதாகத் தெரியவில்லை.

எல்லாவற்றையும்விட எனக்கு உறைத்தது ஒரு டம்பர் ஆபரேட்டர் சொன்னது. பணியின் கடைசிக் காலம். குழியின் அடித்தட்டில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். சர்வேயர், அவர் உதவியாளர், மெக்கானிக், தண்ணீர் லாரிக்காரர், பார்வையிட வந்த மூன்று பேர் என்று ஒரு கூட்டம் நின்றது, எல்லோரும் புதுப் பச்சைக் கோட்டில். பின்னால் வருவதற்குச் சைகை காட்ட வேண்டிய ஆளும் அதே பச்சையில்தான் இருந்தார். பார்வையிட வந்தவர்களில் ஒருவர் கூட வந்தவரைக் கூப்பிடக் கையைத் தூக்கி அசைத்தார். வண்டி பின்னால் நகர்ந்தது. கல் அள்ளும் ஷவல் இயந்திரத்தை ஓட்டியவர் ஹாரனை விடாமல் அழுத்தியதால் நின்றது. நான் ஏணியில் ஏறிப் போய்ச் சத்தம் போட்டேன். டம்பர் ஆபரேட்டரின் கையெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது.

“எல்லாரும் பச்சையா நிக்கறாங்கண்ணே. எனக்குச் சைகை காட்டறது யாருன்னு எப்படித் தெரியும்? முன்ன ஒருத்தன் மட்டும் கொடி வெச்சிருப்பான். அவனை மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன்.”

நான் வேறெதுவும் கேட்கவில்லை. மறுநாளிலிருந்து சைகை காட்டுபவருக்கு மட்டும் சிவப்புக் கோட்டு, கையில் கொடி. பார்வையாளர்கள் குழிக்குள் இறங்குவதே இல்லை, மேலே பார்வை மேடையோடு சரி. எழுத்துவேலைக்காரர்கள் அறைக்குள் கோட்டைக் கழற்றி வைக்கலாம் என்று ஒரு குறிப்பும் எழுதினேன். அதை மட்டும் மேலே ஒத்துக்கொள்ளவில்லை. தணிக்கையில் கோட்டு இல்லாத ஆள் கண்ணில் பட்டால் மதிப்பெண் போய்விடும் என்றார்கள்.

மதிப்பெண்தான் இங்கே நோய். பாதுகாப்புத் துறையில் படிப்பவர்களுக்கு முதல் வகுப்பிலேயே ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். முதலில் ஆபத்தையே இல்லாமல் செய். முடியாவிட்டால் ஆளையும் வண்டியையும் பிரித்து வை. வண்டிக்குக் கேமரா, பின்னால் வரும்போது ஒலிக்கும் மணி வை. அப்புறம் வேலை முறையை மாற்று. இத்தனையும் செய்து மீதி ஆபத்துக்குத்தான் உடம்பில் போடுகிற பொருள். எங்கள் குழியில் ஆள் நடக்கத் தனிப் பாதையும் மண் வரப்பும் போட்டபிறகு டம்பர் பக்கம் ஆள் நிற்பதே பாதியாகக் குறைந்தது. அதற்கு மண்ணும் ஒரு வாரப் புல்டோசர் வேலையும் போதுமானதாக இருந்தது. ஆனால் வரப்பு போட்டிருக்கிறார்களா என்று பார்க்கக் குழிக்குள் இறங்க வேண்டும். கோட்டு போட்டிருக்கிறார்களா என்று வாசலில் உட்கார்ந்தே பார்த்துவிடலாம். அதனால் வரிசையில் கடைசியில் இருந்த பொருள் முதலுக்கு வந்துவிட்டது.

அடிபட்டபிறகு நடப்பதும் மாறிவிட்டது. முன்பெல்லாம் வண்டி ஏன் நிற்கவில்லை என்று கேட்பார்கள். இப்போது முதல் கேள்வி, “கோட்டு போட்டிருந்தானா?”

ரயில் பாதையில் இந்தச் சட்டையின் எல்லை நன்றாகவே தெரியும். நூறு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் வருகிற ரயிலின் ஓட்டுநர் பாதையில் ஆரஞ்சைப் பார்த்தாலும் அந்த ஆளுக்கு முன்னால் நிறுத்த முடியாது. 1200 மீட்டரில் பட்டாசு கட்டச் சொன்னது அதனால்தான். அவரால் செய்ய முடிந்தது ஹாரன் அடிப்பது. கார்டு லைன் இரட்டைப் பாதை ஆன பிறகு ஆபத்தும் இரட்டித்தது. ஒரு ரயிலுக்கு ஒதுங்கி அடுத்த பாதையில் நிற்கும்போது எதிர்த்திசை ரயில் வந்துவிடும். ஆகவே கேங்மேனை ரயிலுக்குக் காட்டுவதைவிட ரயிலைக் கேங்மேனுக்குக் காட்டுவதுதான் அங்கே அவசரம். ரயில் நெருங்குவதை அதிர்வாலும் ஒலியாலும் சொல்லும் ‘ரக்ஷக்’ என்ற கருவியை ரயில்வே சில பாதைகளில் கொடுத்திருக்கிறது. கீமேன் மகனாக, தனியாக நடக்கும் ஒவ்வொருவர் இடுப்பிலும் அது இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்படுகிறேன்.

இவ்வளவு கோட்டு புழங்கும் ஊரில் கோட்டு இல்லாதவர்கள் யார்? இரவில் இந்தச் சாலைகளில் உண்மையாகவே நடக்கிறவர்கள். மாசியில் பூச்சொரிதலுக்கும் சித்திரைத் தேருக்கும் பெரம்பலூரைத் தாண்டிச் சமயபுரத்துக்கு நடந்து போகும் பக்தர்கள் மஞ்சள் துணி உடுத்தியிருப்பார்கள். பகலில் தூரத்திலிருந்தே தெரியும். வெயிலுக்குப் பயந்து அவர்கள் நடப்பதோ இரவில். அப்போது அந்த மஞ்சளால் ஒரு பயனும் இல்லை. தோள்பையில் போலீஸார் ஒட்டிவிடுகிற ஒளிரும் ஒட்டுப்பட்டைதான் துணை. அதையும் இன்னும் கொஞ்சம் கீழே ஒட்டலாம் என்பது என் எண்ணம். சுவீடனில் குன்னார் யோஹான்சன் என்ற உளவியலாளர் 1973-இல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஆட்களின் மூட்டுகளில் மட்டும் ஒளிப்புள்ளிகளை வைத்து இருட்டில் நடக்கவிட்டார். பார்த்தவர்கள் கண் இமைக்கும் நேரத்தில் மனிதன் நடக்கிறான் என்று சொல்லிவிட்டார்கள். அசையாமல் நின்றால் வெறும் புள்ளிகள். அதற்குப் பிறகு அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் இரவுச் சாலையில் சோதித்தபோது, மார்பில் மட்டும் பட்டை உள்ளவரைவிட முழங்காலிலும் கணுக்காலிலும் பட்டை கட்டியவரை ஓட்டுநர்கள் வெகு முன்னதாகவே மனிதர் என்று கண்டுகொண்டார்கள். பை முதுகில் ஒட்டியது தூரத்தில் மைல்கல் மாதிரியும் தெரியலாம். கணுக்காலில் ஆடுவது மனிதனைத் தவிர வேறெதாகவும் தெரியாது. ஒரு கோட்டு தைக்கிற பட்டையில் இரண்டு மூன்று பேருக்குக் கணுக்கால் வளையம் வெட்டலாம்.

அடுத்தவர்கள் மக்காச்சோளம் காய வைப்பவர்கள். தை, மாசியில் பெரம்பலூர் மாவட்டத்தின் கிளைச் சாலைகளில் பாதி அகலம் சோளமாகத்தான் கிடக்கும். சிறு விவசாயிக்குக் களம் இல்லை. ஈரம் இருந்தால் வியாபாரி விலையை அடிப்பார். சாலை சூடாக இருக்கிறது, சமமாக இருக்கிறது. பகலில் பரப்பி, இரவில் குவித்துக் கறுப்புத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்துக்குக் கல் வைத்து, குவியலுக்குப் பக்கத்திலேயே வீட்டுக்காரர் படுத்துக்கொள்வார். தார்ச்சாலையில் கறுப்புத் தார்ப்பாய், கறுப்புக் கல். பைக்கில் வருகிறவனுக்கு அது தெரிவதற்குள் சக்கரம் ஏறிவிடும். அவரைத் திட்டி என்ன பயன்? அவருக்குக் கோட்டு கொடுக்கச் சொல்லி ஒரு கூட்டத்தில் ஒருவர் யோசனை சொன்னார். நான் எழுந்து, அவருக்குக் கோட்டு வேண்டாம், உலர்களம் கொடுங்கள் என்றேன். சாலையைவிட்டு அந்தக் குவியலை இறக்கினால் சோளக்காரரும் பிழைப்பார், பைக்கில் வருகிறவனும் பிழைப்பான். ஊருக்கு ஒன்று போதாது, அறுவடை எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வரும். சிமெண்ட் விளைகிற மாவட்டத்துக்குப் பக்கத்து மாவட்டத்தில் ஒரு சிமெண்ட் களத்துக்குப் பஞ்சம் இருக்கக் கூடாது.

சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் சாலைகளில் பள்ளிக்குச் சைக்கிளில் போகும் பிள்ளைகளுக்கும் இதையேதான் சொல்வேன். பிள்ளைகளுக்குக் கோட்டு வாங்கித் தர நல்ல மனதுக்காரர்கள் முன்வருகிறார்கள். அவர்கள் மனதை மதிக்கிறேன். ஆனால் பள்ளி திறக்கும் நேரத்திலும் விடும் நேரத்திலும் லாரி ஓடாமல் இருக்க வேண்டும், சுரங்கத்திலிருந்து ஆலைக்கு லாரிக்கென்று தனிப் பாதை வேண்டும் என்பது இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் நெடுநாளாகக் கேட்பது. கன்வேயர் போட முடிகிற இடத்தில் கன்வேயர் போட்டால் அந்த லாரியே சாலைக்கு வராது.

கோட்டு வாங்குகிற இடத்தில் இருப்பவர்கள் இதை வாசித்தால் அவர்களிடம் கேட்க எனக்குச் சில காரியங்கள் உண்டு. வண்டி ஓடாத இடத்தில் வேலை செய்பவருக்கு வாங்காதீர்கள். அந்தக் காசில் வண்டிக்குப் பக்கத்தில் நிற்பவருக்குக் கையும் காலும் மறைக்கும் முழுச் சட்டையாக, ஐஎஸ்ஐ முத்திரையும் எத்தனை முறை துவைக்கலாம் என்ற சீட்டும் உள்ளதாக வாங்குங்கள். கூலியில் பிடிக்காதீர்கள். முதுகில் பெயர் அச்சடிக்காதீர்கள். வாங்கியதும் ஒன்றை இருட்டில் தொங்கவிட்டு நெற்றிக்குப் பக்கத்தில் விளக்கைப் பிடித்துப் பாருங்கள். ஆறு மாதம் கழித்துத் தூசி படிந்த ஒன்றை எடுத்து அதே மாதிரி மறுபடியும் பாருங்கள். எரியாவிட்டால் மாற்றிக் கொடுங்கள். சைகை காட்டுபவருக்கு மட்டும் தனி நிறம் ஒதுக்குங்கள். அந்த நிறத்தை மேலாளர் உட்பட வேறு யாரும் போடக் கூடாது என்று எழுதி வாசலில் ஒட்டுங்கள்.